பழைய பொருட்களை இணைய ஏலத்தில் விற்கக் கட்டணம் கொடுப்பது தகுமா?

தென்றல்வழி | 2025 மார்ச் 1

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் இலண்டன் பகுதியான ஹாரோவில் பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டுப் பர்மிங்காமில் எங்களோடு தங்க வருகிறார். எங்கள் வீட்டில் இடமில்லாத பொருட்களை அதற்குள் விற்றாக வேண்டும். பழைய பென்டாக்ஸ் கேமராவும் அதன் லென்சுகளும், கையால் சுற்றும் சிங்கர் தையல் இயந்திரம், 1970களிலும் 80களிலும் வெளிவந்த தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வெட் கிரைண்டர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இணைய ஏலத் தளங்கள் விற்ற விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது ஈபேயில் தனிநபர்கள் விற்கக் கட்டணமே இல்லை என்கிறார் மனைவி. அதை வாங்குபவரிடமிருந்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். கட்டணம் யாரிடமிருந்து போனாலும், அந்தப் பணத்துக்கு ஈடான பயன் விற்பவருக்குக் கிடைக்கிறதா, அல்லது அக்கம்பக்கத்தில் கட்டணமில்லாமல் விற்றுவிடுவதே நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்கர் | 2025 மார்ச் 1

உங்கள் மனைவி சொல்வதும் நண்பர் சொல்வதும் சரியே. பிரிட்டனில் ஈபே நிறுவனம் 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் விற்பனைக் கட்டணத்தை, மோட்டார் வாகனங்கள் தவிர்த்து, நீக்கிவிட்டது. அதற்கு முன் விற்பவர் கொடுத்து வந்தது 12.8 விழுக்காடும், ஒவ்வொரு விற்பனைக்கும் 30 பென்சும் ஆகும். அந்த விழுக்காடு பொருளின் விலைக்கு மட்டுமன்றி, வாங்குபவர் கொடுக்கும் அஞ்சல் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. 2025 பிப்ரவரி 4 முதல் வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் என்ற பெயரில் வேறொன்று வந்திருக்கிறது. பொருள் ஒன்றுக்கு 75 பென்சு, அதனுடன் விலையில் முதல் 300 பவுண்டுக்கு 4 விழுக்காடு, 300 முதல் 4,000 பவுண்டு வரையுள்ள பகுதிக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதே 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதன் கணக்கு.

ஏலத்தில் கேட்கிறவர் "மொத்தம் இவ்வளவுதான் கொடுப்பேன்" என்று ஓர் எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அவருடைய எல்லை 100 பவுண்டு என்றும் அஞ்சல் செலவு தனி என்றும் கொள்வோம். பழைய முறையில் விற்பவர் கைக்கு 86.90 பவுண்டு வந்திருக்கும். புதிய முறையில் அதே 100 பவுண்டுக்குள் கட்டணமும் அடங்க வேண்டும் என்பதால் 95.43 பவுண்டு வரும். இது கவனிக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் அவருடைய எல்லை 5 பவுண்டு என்றால், பழைய முறையில் 4.06, புதிய முறையில் 4.09, மூன்று பென்சுதான் வேறுபாடு. 4 பவுண்டு என்றால் பழைய முறையில் 3.19 வந்தது புதிய முறையில் 3.13 ஆகக் குறைந்தே விடுகிறது. அஞ்சல் செலவின் மேல் விதிக்கப்பட்ட பழைய கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் புதிய முறைக்குச் சற்றுக் கூடுதல் ஆதரவு கிடைக்கும் என்றாலும், மிகக் குறைந்த விலைப் பொருட்களுக்கு "இலவசம்" என்ற சொல் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பனங்காடு | 2025 மார்ச் 2

கணக்கர் தம்பியின் கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட மனிதரைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வாங்குகிறவர்கள் எல்லோரும் பென்சு கணக்குப் பார்த்துத் தாம் கேட்கும் விலையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது நடைமுறையில் ஐயத்துக்குரியது. ஒரு பொருளின் மேல் ஆசை வைத்தவர் 4 விழுக்காட்டுக்காகப் பின்வாங்க மாட்டார்.

என் ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. கம்ட்ரீ என்ற உள்ளூர் விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து, பொருளை நேரில் பார்த்து, பணத்தைக் கையில் கொடுத்து எடுத்துச் செல்கிறார். பொதி கட்ட வேண்டியதில்லை, அஞ்சல் நிலையத்துக்கு நடக்க வேண்டியதில்லை, பொருள் உடைந்துவிட்டது என்று இரண்டு வாரம் கழித்து யாரும் எழுதப் போவதுமில்லை. இத்தனை வசதிகளும் கட்டணமின்றிக் கிடைக்கும்போது, இன்னொருவர் நடத்தும் ஏலத்தில் பணம் போவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கட்டணத்தை மட்டும் பார்க்காமல் பொதி செய்யும் உழைப்பையும் கணக்கில் சேர்க்குமாறு தென்றல்வழியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கர் | 2025 மார்ச் 2

பனங்காடு ஐயா, ஈபேயில் வாங்குபவர் திரையில் பார்க்கும் விலையிலேயே அந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறது. அதனால் அவர் பென்சு கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தாம் நினைத்த தொகை வந்ததும் நிறுத்திக்கொள்கிறார், கட்டணம் தானாகவே விற்பவரின் பங்கிலிருந்து கழிகிறது. இலண்டனின் பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டிஸும் சோதபிஸும் 1975இல் வாங்குபவரிடமும் 10 விழுக்காடு பெறத் தொடங்கியபோது ஓவிய வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வாங்குபவர்கள் அதைக் கழித்துக்கொண்டே கேட்கப் பழகினார்கள், கட்டணமும் நிலைத்துவிட்டது. பொதி செய்யும் உழைப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

ஒளிவில்லை | 2025 மார்ச் 2

பழைய லென்சுகளை வாங்கியும் விற்றும் வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் தென்றல்வழியின் பட்டியலில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தரக்கூடியது அந்தக் கேமராப் பைதான்.

உங்கள் மாமனாரிடம் இருப்பது 1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக் வகையோ அதற்கு நெருங்கியதோ என்றால், உடன் வந்த லென்சு 50 மில்லிமீட்டர் சூப்பர் டாக்குமாராக இருக்க வாய்ப்புண்டு. அதில் ஒளித் திறப்பு எஃப் 1.4 அளவுள்ள லென்சு இரண்டு வடிவங்களில் வந்தது. முதலில் வந்ததில் எட்டுக் கண்ணாடிகள், பின்னர் வந்ததில் ஏழு. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். எட்டுக் கண்ணாடி லென்சின் பின்புறக் கண்ணாடி கூடுதலாக வெளியே துருத்தி நிற்கும் என்பது கண்டறிய ஒரு வழி. எண்ணிக்கையில் குறைந்த அந்த முதல் வடிவத்தைத் தேடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளூர் விளம்பரத்தைப் பார்த்து வருகிறவருக்கு அது "பழைய கேமரா லென்சு" மட்டுமே. இரண்டு வடிவங்களுக்கும் ஒரே விலைதான் சொல்வார். கட்டணம் தகுமா என்ற கேள்விக்கு என் விடை இதில்தான் அடங்கியிருக்கிறது: தேடுகிறவர்கள் சிலரே ஆயினும் தொலைவில் சிதறிக் கிடக்கிறார்கள் என்றால் அவர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்குக் கொடுக்கும் பணம் தகும். தேடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றால் அது வீண்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்றாலும் இருவரும் தரகருக்குப் பணம் கொடுத்தார்கள். எந்த ஊரில் எவருக்கு எப்படிப்பட்ட மாடு வேண்டும் என்ற செய்தி அவரிடம் இருந்ததுதான் காரணம். ஏலத் தளமும் அந்தச் செய்தியைத்தான் விற்கிறது. விற்று முடிந்த பொருட்களின் விலையை அங்கே எவரும் தேடிப் பார்க்கலாம். நீங்கள் எங்கே விற்றாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈபேயின் ஏலத்தில் ஒருவர் தம் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைத்தாலும், அவருக்கு அடுத்து நின்றவரின் உச்ச விலைக்கு ஒரு படி மேலே மட்டுமே கொடுத்தால் போதும். எனவே ஒரே ஒருவர் கேட்டால் பொருள் தொடக்க விலைக்கே போய்விடும், அவர் மனத்தில் எவ்வளவு வைத்திருந்தாலும் அது உங்களுக்கு வராது. குறைந்தது இருவர் போட்டியிடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பொருளுக்கு மட்டும் 99 பென்சில் ஏலத்தைத் தொடங்கலாம். மற்றவற்றுக்கு நிலையான விலை வைப்பதே நல்லது. 1995இல் ஏலத்துக்காகவே தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் இன்று பெரும்பாலான பொருட்கள் நிலையான விலையில்தான் விற்கின்றன.

உங்களிடம் இருப்பது ஏழு கண்ணாடி லென்சு என்றால், அதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருப்பதால் பல ஆண்டுகளில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். அதை விளம்பரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தெரிந்தவர்கள் அதற்காக விலகிப் போக மாட்டார்கள்.

நெசவு | 2025 மார்ச் 3

தையல் இயந்திரத்தைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சிங்கர் நிறுவனத்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலை 1980இல் மூடப்படும் வரை பிரிட்டனில் இலட்சக்கணக்கான இயந்திரங்களைச் செய்து குவித்தது. அதனால் நூறு ஆண்டுப் பழமை என்பது இங்கே அருமைக்கு அடையாளம் அன்று. தங்க நிறப் பூ வேலைப்பாடு அழியாமல் இருந்தாலும், கைப்பிடி மரம் பளபளத்தாலும், அதே போன்ற இயந்திரம் அடுத்த ஊரிலும் விற்பனைக்கு இருக்கும். வார்ப்பிரும்பின் எடை காரணமாக அஞ்சல் செலவு பல வேளைகளில் பொருளின் விலையை எட்டிவிடுகிறது. தளத்தின் கட்டணத்தை அப்போது பொருட்படுத்தவே தேவையில்லை, அனுப்பும் செலவே வாங்குபவரைத் துரத்திவிடும். உள்ளூரில் நேரில் வந்து எடுத்துச் செல்கிறவருக்குக் கொடுங்கள். விலை மிகக் குறைவாகத் தோன்றினால், தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஆப்பிரிக்க நாடுகளின் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ் போன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்துவிடலாம். நன்றாகத் தைக்கும் ஓர் இயந்திரம் யாருடைய வீட்டிலோ அலங்காரமாக நிற்பதைவிட ஒருவருக்குப் பிழைப்பாவது எனக்கு உவப்பானது.

வெட் கிரைண்டரை எந்த ஏலத் தளத்திலும் போடாதீர்கள். அதன் பயன் தெரிந்தவர்கள் நம்மவர்கள்தாம்; ஹாரோவிலும் வெம்பிளியிலும் கோயில் வட்டத்திலோ தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு வரி எழுதினால் அன்று மாலையே ஆள் வந்து நிற்பார்.

ரைன்கரை | 2025 மார்ச் 3

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2023 மார்ச் 1 முதலே தனிநபர்கள் ஈபேயில் கட்டணமின்றி விற்கலாம். அப்படியிருந்தும் என் அக்கம்பக்கத்தார் பெரும்பாலோர் க்ளைன்அன்சைகன் என்ற உள்ளூர் விளம்பரத் தளத்தையே நாடுகிறார்கள். கட்டணம் நீங்கிய பிறகும் மக்கள் தங்கள் தளத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதிலிருந்து, கட்டாயக் கட்டணத்தைவிட நேரில் பார்த்து வாங்கும் வசதிக்கே அவர்கள் கூடுதல் மதிப்பு கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டில், அலமாரி, மிதிவண்டி போன்றவற்றுக்கு ஒளிவில்லை சொன்ன விடை இங்கேயும் பொருந்துகிறது.

பனங்காடு | 2025 மார்ச் 4

ஒளிவில்லையின் விளக்கத்தைப் படித்தபின், அந்த லென்சைப் பொறுத்த அளவில் என் எதிர்ப்பைக் கைவிடுகிறேன். ஆனால் இதுவரை எவரும் தொடாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு தளத்தின் வழியாக நான் அனுப்பிய வானொலிப் பெட்டியை, "வேலை செய்யவில்லை" என்று சொல்லி வாங்கியவர் திருப்பி அனுப்பினார். வந்த பெட்டிக்குள் இருந்த வால்வுகள் என்னுடையவை அல்ல. தளமோ வாங்கியவர் பக்கமே நின்றது. ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவரைப் பற்றி எதிர்மறையான கருத்துப் பதிய வழியில்லை. பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும் வழக்கமும் தளங்களில் பரவிவருகிறது. பாதுகாப்புக்கான கட்டணம் என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு வாங்குபவருக்குத்தானே? விற்பவருக்கு அதில் என்ன பங்கு இருக்கிறது?

ஒளிவில்லை | 2025 மார்ச் 4

ஐயா, உங்களுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. வால்வு, லென்சு போல மாற்றி வைக்கக்கூடிய உறுப்புள்ள பொருட்களில் இது நடக்கத்தான் செய்கிறது. பொதி கட்டும் முன் வரிசை எண்ணையும் உள்ளுறுப்புகளையும் படமெடுத்து, அந்தப் படங்களை விளம்பரத்திலேயே போட்டுவிடுவது ஓரளவு தடுக்கும். முழுமையாகத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்குபவருக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்பில் விற்பவருக்குப் பங்கில்லை என்பதை ஏற்க முடியவில்லை. பழைய பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்த அச்சத்தில் வாங்குபவர் எல்லாப் பொருளுக்கும் குறைத்தே விலை சொல்வார், நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார் என்று ஜார்ஜ் ஏக்கர்லாஃப் பழைய கார்களை வைத்து 1970இல் விளக்கினார். அவருக்குப் பின்னாளில் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. தவறானால் பணம் திரும்பும் என்ற உறுதி இருப்பதால்தான் முகம் தெரியாத ஒருவர் தென்றல்வழியுடைய மாமனாரின் லென்சுக்கு முழு விலை சொல்லத் துணிகிறார்.

நம்பிக்கைக்கு விலை உண்டு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பால் ரெஸ்னிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரே மாதிரியான பழைய அஞ்சல் அட்டைத் தொகுப்புகளை ஈபேயில் நற்பெயர் உள்ள கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தபோது, நற்பெயர் உள்ள கணக்குக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வாங்குபவர்கள் முன்வந்தார்கள். தென்றல்வழியின் கணக்கு புதியது என்றால், முதலில் சிறு பொருட்கள் சிலவற்றை விற்று நல்ல கருத்துகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு லென்சைப் போடுவது நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், பிரைட்டனில் உள்ள எம்பிபி போன்ற பழைய கேமரா நிறுவனங்களிடம் நேரடியாக விலை கேட்கலாம். அவர்கள் தம் இலாபத்தைக் கழித்துத்தான் சொல்வார்கள். ஆனால் வால்வு மாறிய கதை அங்கே நடக்காது.

நியூஜெர்சித் தமிழன் | 2025 மார்ச் 5

அமெரிக்காவில் உள்ளவர்கள் இந்த இழையைப் படித்து ஈபேயில் கட்டணமே போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே விற்பவரே கொடுக்கிறார். பெரும்பாலான வகைகளுக்கு 2025 பிப்ரவரியில் 13.25 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். 10 டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு 40 சென்டு தனி. அந்த விழுக்காடு அனுப்பும் செலவுக்கும் விற்பனை வரிக்கும் சேர்த்தே விழுகிறது. 100 டாலர் பொருளுக்கு அனுப்பும் செலவு 12, வரி 9 என்று வைத்துக்கொண்டால், 121 டாலருக்குக் கட்டணம் 16.86 டாலர். பொருளின் விலையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. இந்த அளவுக்குப் போகும்போது, உள்ளூரில் 85 டாலர் கொடுக்கத் தயாராக ஒருவர் இருந்தால் நான் அவருக்கே கொடுத்துவிடுவேன்.

தென்றல்வழி | 2025 மார்ச் 5

அனைவருக்கும் மிக்க நன்றி. கிரைண்டர் கோயில் வட்டத்துக்கு, தையல் இயந்திரம் அறக்கட்டளைக்கு, கேமராவும் லென்சுகளும் ஈபேயில் நிலையான விலைக்கு என்று மாமனாரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பின்புறக் கண்ணாடி துருத்திக்கொண்டுதான் இருக்கிறது, ஒளிவில்லை அவர்களே! இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. நிறைய பொருட்களை விற்றால் வரித்துறைக்குத் தெரிவிப்பார்கள் என்கிறார்களே, அது கட்டணத்தோடு சேரும் இன்னொரு செலவா? இசைத்தட்டுகளைத் தனித்தனியாக விற்பதா, மொத்தமாகவா?

கணக்கர் | 2025 மார்ச் 5

2024 சனவரி 1 முதல், ஆண்டுக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களை விற்றவர்களையும் 2,000 யூரோவுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,700 பவுண்டுக்கு மேல் பெற்றவர்களையும் பற்றிய விவரங்களைத் தளங்கள் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இது புதிய வரி அன்று. வீட்டில் பயன்படுத்திய சொந்தப் பொருட்களை விற்பது வணிகம் ஆகாது. ஒவ்வொன்றும் 6,000 பவுண்டுக்குள் விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. விற்பதற்காகவே வாங்கி விற்றால்தான் கணக்கு மாறும். மாமனாரின் பொருட்கள் என்பதைக் காட்டும் பழைய ரசீதுகள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இசைத்தட்டு | 2025 மார்ச் 6

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். முதலில் உறையிலிருந்து ஒவ்வொரு தட்டையும் எடுத்து, சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இல்லாத, அட்டை கிழியாத தட்டுகளைத் தனியாகவும், மற்றவற்றைத் தனியாகவும் அடுக்குங்கள். நல்ல நிலையில் உள்ள தமிழ்த் தட்டுகளைத் தேடுகிறவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொரான்டோவிலும் இருக்கிறார்கள். எக்கோ, இன்ரெகோ போன்ற நிறுவனங்களின் அட்டைகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, ஒவ்வொன்றையும் தனியே ஏலத்தில் விடுங்கள். இருவர் மூவர் போட்டியிடும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிற இடம் இதுதான். முடியும் நேரம் நிலையாக இருப்பதால் கேட்பவர்கள் பெரும்பாலும் கடைசி நிமிடங்களில்தான் வருவார்கள். ஞாயிறு பிற்பகலில் முடியும்படி வைத்தால் டொரான்டோக்காரருக்கு அது காலை, சென்னைக்காரருக்கு இரவு, இருவருமே விழித்திருப்பார்கள்.

கீறல் விழுந்த தட்டுகளுக்குக் கட்டணக் கணக்கு வேறு. ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் 5 பவுண்டு கொடுப்பார் என்றால், கணக்கர் காட்டிய 2025 பிப்ரவரிக் கணக்கின்படி கைக்கு வருவது 4.09, பத்துத் தட்டுக்கு 40.90. பத்தையும் ஒரே தொகுப்பாகப் போட்டால், 75 பென்சு ஒரே ஒரு முறைதான் விழும். அதனால் வாங்குபவர் தொகுப்புக்கு 43.30 பவுண்டு மட்டுமே கொடுத்தாலும் உங்களுக்கு அதே தொகை வந்துவிடும். ஒன்பது பொதிகளின் அட்டையும் உழைப்பும் மிச்சம். தொகுப்புக்கு அதைவிடக் குறைவான விலையே வந்தால்தான் பிரித்து விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். தட்டுகளை அட்டை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் விளிம்பு கிழியும்; வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் தனியாக வைத்துக் கட்டுங்கள்.